தாளம் இரவல், சொல் சொந்தம்

அரபு யாப்பையும் தமிழ் யாப்பையும் மாணவர்க்குச் சொல்லிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் 'ராப்' எனப்படும் பாட்டு வகையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பையும் வேறு சிலருக்கு வருத்தத்தையும் தரக்கூடும். கார்களிலும் கடைத்தெருவிலும் காதடைக்க ஒலிக்கும் அந்த இரைச்சலுக்கும் இல்முக்கும் என்ன உறவு என்று கேட்பார் உளர். உறவு உண்டு என்பதே என் எண்ணம். ஆனால் அவ்வுறவு இசைவழி வந்ததன்று, சொல்வழி வந்தது.

ராப் என்பது முழுப் பாட்டும் அன்று, வெறும் பேச்சும் அன்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தாளக்கட்டின் மேல் சொற்களை விரைந்து அடுக்கி, அடிதோறும் இறுதி ஒலி ஒத்து முடியுமாறு உரைப்பது. தமிழ்ப் புலவர் எதுகையை அடியின் தொடக்கத்திலே தேடுவர். அரபுப் புலவர் காஃபியாவை அடியின் முடிவிலே வைப்பர். ராப் இவ்வகையில் அரபு மரபுக்கு நெருக்கமானது.

இதன் பிறப்பைப் பற்றிப் பலரும் கூறும் நாள் 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்பல் என்னும் இளைஞர் தம் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழல விட்டார். கூல் ஹெர்க் என்பது அவருடைய புனைபெயர். பாடும் குரல் ஓய்ந்து முரசு மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் எழுச்சி கொள்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். ஒரே தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழல்கருவிகளில் வைத்து, அச்சில விநாடிகளையே மாறி மாறி ஓட்டி நிமிடக் கணக்கில் நீட்டினார். அந்த நீட்சியின் மேல்தான் பின்னர் சொற்கள் ஏறி அமர்ந்தன. ஆகவே இக்கலை அரங்கத்தில் பிறக்கவில்லை. எளியோர் குடியிருப்பில் பிறந்தது. பிறந்தபோதே அதன் தாளம் பிறரிடமிருந்து பெற்ற இரவல் தாளம்.

இரவல் என்றால் களவு ஆகாதா? இவ்வினாவை அரபு இலக்கியத் திறனாய்வாளர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பி விடை கண்டிருக்கிறார்கள். 'ஸரிகாத்' என்று, கவிதைக் களவுகளுக்கெனத் தனித் துறையே வகுத்தார்கள். பிறருடைய சொல்லையும் கருத்தையும் தம்முடையது போல் காட்டுவதே அங்கு ஆராயப்படும் குற்றம். யாப்போ அனைவர்க்கும் பொதுச் சொத்து. உமையாக்கள் காலத்தில் பஸ்ராவின் மிர்பத் சந்தையில் ஜரீரும் ஃபரஸ்தக்கும் பல்லாண்டுக் காலம் வசைக்கவி பாடி மோதினார்கள். ஒருவர் எந்தப் பஹ்ரில், எந்தக் காஃபியாவில் பாடினாரோ அதே பஹ்ரில், அதே காஃபியாவில்தான் மற்றவர் மறுமொழி பாட வேண்டும். 'நகாயிள்' என்று வழங்கும் அந்த மோதலுக்கும், இன்று இரு ராப் பாடகர்கள் ஒரே தாளத்தின் மேல் எதிரெதிர் நின்று சொற்போர் செய்வதற்கும் வேறுபாடு மிகச் சிறிதே.

நம் தமிழிலும் சான்று உண்டு. அருணகிரிநாதரின் சந்தங்களைக் காயல்பட்டினத்துக் காசிம் புலவர் எடுத்துக்கொண்டார். அச்சந்தங்களிலேயே பெருமானார் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடினார். சந்தம் முன்னோர் தந்தது. சொல்லும் ஈமானும் புலவருடையவை. அதைக் களவு என்று எவரும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டார்.

தாளம் இரவலாகலாம், சொல் சொந்தமாக வேண்டும் என்னும் இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே நான் ராப் கேட்கிறேன். எனக்குப் பிடித்தவர்கள் சிலரைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு மக்கள் பரவலாகக் கேட்ட முதல் ராப், 1994இல் வந்த 'காதலன்' படத்தில் இடம்பெற்ற பேட்டைப் பாட்டாகத்தான் இருக்கும். சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள் ஆகியோருடன் அதைப் பாடியவர் மறைந்த சாகுல் ஹமீது. இசை அமைத்த ஏ. ஆர். ரஹ்மான், 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டவர். வீட்டிலிருந்தே இசையாக்கும் வழிக்குச் சென்னை இளைஞர்களுக்கு அவரே முன்மாதிரி. மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் 'வல்லவன்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். அதில் புகழ்பெற்ற பாட்டு, 1980இல் வந்த 'நிழல்கள்' படத்திற்கு இளையராஜா அமைத்த மெட்டொன்றை இரவல் கொண்டது. ஆதியும் ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா' என்னும் பெயரில் 2012இல் தம் முதல் தொகுப்பைத் தந்தனர்.

சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் 2015இல் பாடிய கொடைக்கானல் பாட்டு என் அளவுகோலுக்கு மிகச் சிறந்த சான்று. கொடைக்கானலில் யூனிலீவர் நிறுவனத்தின் இந்தியக் கிளை நடத்திவந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற பாதரசம் மண்ணிலே தங்கியது. தொழிலாளர்கள் தங்கள் உடல் கெட்டதாக வழக்காடினர். இதைப் பாட எடுத்த தாளம் அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜ் 2014இல் பாடியது. அவரோ 1992ஆம் ஆண்டுப் பாட்டொன்றிலிருந்து அதை எடுத்தவர். இரவலின் இரவல்! அந்த மூலப் பாட்டுகளின் பொருளை இப்பக்கங்களில் எழுதவும் இயலாது. ஆனால் அதே தாளத்தின் மேல் ஏழைத் தொழிலாளியின் முறையீடு ஏறியபோது உலகம் செவிசாய்த்தது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பல்லாண்டுப் போராட்டம் வென்ற வெற்றி அது. பாட்டு மட்டுமே வென்றது என்று சொல்வது மிகை. மண் இன்னும் தூய்மையாகவில்லை என்று 2018இல் மீண்டும் பாடியபோது, கருநாடக இசைவாணர் டி. எம். கிருஷ்ணாவும் அவருடன் சேர்ந்துகொண்டார். மயிலாப்பூர்ச் சபாக்கள் அறிந்த குரலும் ராப் குரலும் ஒரே முறையீட்டில் இணைந்தன.

கடல் கடந்தவர்களுள் அமெரிக்க முஸ்லிமான யாசீன் பேயைச் சொல்வேன். மோஸ் டெஃப் என்னும் பெயரில் 1999இல் வெளியிட்ட தம் தனித் தொகுப்பை அவர் பிஸ்மி கூறித் தொடங்கினார். அத்தொகுப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் நான் பரிந்து பேச மாட்டேன். என்றாலும், தொடங்கும்போது இறைவன் பெயரைச் சொன்னவனுக்குத் தன் சொல்லைக் குறித்து ஓர் அச்சம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இனி வீட்டிலே தாளம் ஆக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தியாகராய நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்புறத்துச் சந்தொன்றில் என் தங்கை குடும்பம் வாழ்கிறது. அவள் மகன் மொட்டைமாடி அறையில் கணிப்பொறியை வைத்துக்கொண்டு 'பீட்' ஆக்குகிறான். பெல்ஜியம் நாட்டார் 1997இல் வெளியிட்ட, இன்று எஃப். எல். ஸ்டூடியோ என்று வழங்கும் மென்பொருள்தான் அவன் கருவி. திரையில் வரிசைக்குப் பதினாறு கட்டங்கள். தொட்ட கட்டம் ஒலிக்கும். தொடாத கட்டம் ஊமையாக நிற்கும். முதற் கட்டத்தில் முரசின் கனத்த அடி. ஐந்திலும் பதின்மூன்றிலும் வெட்டி விழும் ஓசை. இடையிடையே சிறு தாளத்தின் சலசலப்பு. நிமிடத்திற்குத் தொண்ணூறு அடி என்று வேகத்தை அமைத்து ஓடவிட்டால் பதினாறு கட்டமும் மூன்று விநாடிக்குள் ஒரு சுற்று வந்துவிடும்.

அதைப் பார்த்தபோது என் நினைவில் வந்தவர் இமாம் கலீல் இப்னு அஹ்மத். பஸ்ராவின் கன்னார் தெருவில் சுத்தியல் ஓசை கேட்டே அவருக்கு யாப்பின் சூத்திரம் புலப்பட்டது என்று ஒரு வழக்கு உண்டு. எழுத்துகளை 'முதஹர்ரிக்', 'சாகின்' என்று இரண்டாகப் பிரித்தார். அசைவது ஒன்று, அடங்குவது மற்றொன்று. இவ்விரண்டின் அடுக்குமுறையைக் கொண்டே அரபுக் கவிதை முழுவதையும் பதினைந்து பஹ்ருகளில் அடக்கினார். அக்ஃபஷ் பதினாறாவதைச் சேர்த்தார் என்பர். ஒலிக்கும் கட்டமும் ஊமைக் கட்டமும் வேறு என்ன? மதரஸாவில் நாங்கள் பலகையில் கோடும் சுழியுமாக எழுதிக் கற்ற பாடத்தை மருமகன் வண்ணக் கட்டங்களாக வைத்திருந்தான். இதை நான் எடுத்துச் சொன்னபோது அவன் ரஜஸ் பஹ்ரை அந்தக் கட்டங்களில் இட்டுக் காட்டச் சொன்னான். இட்டோம். ஒட்டகம் ஓட்டியவர்களின் நடை அந்தச் சிறிய ஒலிபெருக்கியில் நடந்து வந்தது.

குரலைப் பதிவு செய்வதுதான் பெரும்பாடு. துணிகள் தொங்கும் பீரோவின் கதவைத் திறந்து, அத்துணிகளுக்கிடையே ஒலிவாங்கியை வைக்கிறான். எதிரொலியைத் துணி விழுங்கிவிடுமாம். மின்விசிறியை நிறுத்த வேண்டும். பழ வண்டிக்காரர் சந்தைக் கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். பாங்கு ஒலித்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறான். அது பதிவுக்காக மட்டும் அன்று என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

"மாமா, இது கூடுமா, கூடாதா?" என்று ஒருநாள் கேட்டான். ஃபத்வா வழங்கும் இடத்தில் நான் இல்லை. நரம்புக் கருவியையும் துளைக்கருவியையும் நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் விலக்கியதையும், தஃபுக்கு இடம் தந்ததையும் மறைக்காமல் சொன்னேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் இதற்கென ஒரு பகுதியே எழுதி, குடிகாரர் அவையோடு ஒட்டிவந்த கருவிகளை அந்த ஒட்டுறவின் பொருட்டு விலக்கிய நுட்பத்தையும் சொன்னேன். அஞ்ஷா என்னும் தோழர் இனிய குரலில் பாடி ஒட்டகங்களை விரைந்து ஓட்டியபோது, மேலே பெண்கள் அமர்ந்திருப்பதைச் சுட்டி, அவர்களைக் கண்ணாடிக் கலங்களுக்கு ஒப்பிட்டு, மெல்லச் செலுத்துமாறு பெருமானார் (ஸல்) பணித்த ஹதீஸையும் எடுத்துரைத்தேன். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அதன் வலிமையை அறிந்து நடக்கச் சொன்னார்கள். அவன் கருவி ஒலிகளைக் குறைத்து, தஃபு ஓசையையும் கைத்தட்டலையும் கொண்டு ஒரு தாளம் ஆக்கினான். அது அவனே தேர்ந்த வழி.

ஆனால் எனக்குக் கவலை தந்தது தாளமன்று, சொல். அவனுடைய தொடக்க காலப் பாட்டுகளில் துப்பாக்கி இருந்தது; பகைவர் கூட்டம் இருந்தது; பண மூட்டை இருந்தது. "உஸ்மான் சாலையில் நீ எந்தத் துப்பாக்கியைக் கண்டாய்?" என்று கேட்டேன். திருக்குர்ஆனின் 26ஆம் அத்தியாயம் கவிஞர்களின் பெயராலேயே அமைந்தது. தாம் செய்யாததைச் சொல்கிறவர்கள் என்று கவிஞர்களை அது கண்டிக்கிறது. ஈமான் கொண்டு நற்செயல் புரிவோரையும், அநீதிக்கு உள்ளானபின் தம்மைக் காத்துக்கொள்வோரையும் அக்கண்டனத்திலிருந்து விலக்குகிறது. அந்த இறுதி வசனங்களை அவனுக்கு ஓதிக் காட்டி, வேறொன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

சில வாரங்களுக்குப்பின் ஒரு பாட்டைக் கேட்கச் செய்தான். அவன் அத்தா ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். நாள் முழுதும் நின்றே வேலை. கடை ஊழியர் அமர இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. அவர் வேலை செய்யும் கடையிலும் நாற்காலி வந்தது. அதில் அமர்ந்தால் மேற்பார்வையாளரின் பார்வை வந்தது. இரவில் வெந்நீரில் கால் வைத்து அவர் அமர்ந்திருப்பதை மகன் பாடியிருந்தான். ஒரு பொய் இல்லை. ஒரு வசை இல்லை. அத்தா கேட்டுவிட்டு, "கடை பெயர் வரலையே?" என்று மட்டும் கேட்டார். வரவில்லை என்றதும் மறுபடியும் போடச் சொன்னார்.

அந்தப் பாட்டைக் குறும்படம் எடுக்கும் ஒரு குழுவினர் விலைக்குக் கேட்டார்கள். ஐயாயிரம் ரூபாய் தருவார்கள். எழுதியவர் பெயர் வராது. அவன் வீட்டில் ஐயாயிரம் சிறிய தொகை அன்று. என்னிடம் வந்தான்.

அவனுக்கு அறிவின் கதையைச் சொன்னேன். அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடி அறியப்பட்டவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்விலிருந்து சொல்லெடுத்து 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' எழுதினார். உலகெங்கும் ஒலித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் உடன் பாடிய தீயின் படம் வந்தது. அறிவின் படம் வரவில்லை. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழாவில் அப்பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதில் அறிவும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விளக்கம் தந்தனர். அதைத் தீர்ப்பது என் வேலையன்று. ஆனால் சொல்லியவர் பெயர் நழுவிப் போனால் அச்சொல்லில் ஏதோ ஒன்று குறைந்துபோகிறது என்பதைத் தமிழகமே அன்று உணர்ந்தது.

நம் மரபுக்கு இது புதிதன்று. இஸ்னாது இல்லாத செய்தியை ஹதீஸ்கலை அறிஞர் ஏற்பதில்லை. யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்னும் சங்கிலி அறுந்தால் சொல்லின் நம்பகமே அறுந்துவிடுகிறது. ராப் பாடகன் தன் பெயரையும் தெருவையும் தன் பாட்டிலேயே சொல்லிக்கொள்வதைச் செருக்கு என்பர் சிலர். நான் அதை இஸ்னாது என்பேன்.

மருமகன் பணம் வேண்டாம், பெயர் வேண்டும் என்றான். கேட்டவர்கள் திரும்பி வரவில்லை. பாட்டு இன்னும் அவன் கணிப்பொறியில்தான் இருக்கிறது. அவன் அத்தா அவ்வப்போது அதைக் கேட்கிறார்.

நம் வீட்டு இளைஞர்கள் பலர் இன்று காதில் ஒலிகருவி மாட்டிக்கொண்டு மாடி அறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். கதவைத் தட்டி "சத்தத்தைக் குறை" என்று சொல்வதோடு பெரியவர்களின் கடமை முடிந்துவிடுவதில்லை. "என்ன சொல்கிறாய்? உன் சொல்லா, பிறர் சொல்லா? மெய்யா, பொய்யா?" என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கும் பெரியவர்களையும், மெய்யே உரைக்கும் இளைஞர்களையும் அல்லாஹ் நம் சமுதாயத்தில் பெருகச் செய்வானாக!