குளிரைத் தாங்கப் போகிறவனுக்கு முதலில் சூடு

லண்டனில் எங்கள் தெருவின் மூலை வீட்டு முற்றத்தில் ஒரு பனை நிற்கிறது. நம் ஊர்ப் பனை இல்லைதான். ஆனால் விசிறியாக விரிந்த அந்த ஓலையைக் கண்டால் யாழ்ப்பாணத்துக் கண் அதைப் பனை என்றுதான் சொல்லும். அடிமரம் முழுதும் கம்பளி சுற்றியதுபோலப் பழுப்பு நார். பனி கொட்டிய காலைகளில் ஓலைகள் வெள்ளைச் சுமையோடு தாழ்ந்து கிடக்கும். வெயில் வந்ததும் சுமையை இறக்கிவிட்டு நிமிர்ந்துகொள்ளும். 30 வருடமாக அதைக் கடந்து வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நின்று பார்க்க வாய்த்தது.

இதைச் சூசான் பனை என்கிறார்கள். சூசான் என்பது சீனாவின் கிழக்குக் கரையோரத் தீவு. செடிகொடிகளைத் தேடிச் சீனாவில் அலைந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் ஃபார்ச்சூன், 1849-இல் இந்தப் பனையின் கன்றுகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி என்ற தாவரவியல் பெயரில் அவர் இன்றும் இருக்கிறார். சீனத்து உழவர்கள் இதன் நாரில் கயிறு திரித்தார்கள், துடைப்பம் கட்டினார்கள், மழைக்குப் போர்த்திக்கொள்ளும் அங்கியும் செய்தார்கள். இதன் நெருங்கிய உறவு ஒன்று இமயமலையில், குமாவோன் பக்கம், 2,000 மீட்டருக்கு மேல் பனிக்குள் வளர்கிறது. நன்றாக வேர்கொண்டு வளர்ந்த சூசான் பனை, பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 15 பாகை செல்சியஸ் குளிரையும் தாங்கிவிடும்.

நம் பனையைப்போல இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மூலை வீட்டில் நிற்பது பெண். மார்கழியில் நாவற்பழ நிறத்தில், மேலே சாம்பல் பூத்தாற்போலக் குலை குலையாகப் பழுத்துத் தொங்கும். நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்ட வீட்டுக்கார அம்மா ஒருநாள் ஒரு கிண்ணம் நிறையப் பழம் தந்தார்.

முளைக்க வைப்பது எனக்குத் தெரிந்த வேலை என்றுதான் நினைத்தேன். சின்ன வயதில் ஆவணியில் பனம்பழம் பொறுக்கியிருக்கிறேன். ஆச்சி பாத்தி போட்டுக் கொட்டைகளை நெருக்கி அடுக்குவா. தையில் கிழங்கு கிண்டுவோம். பிளந்த கொட்டைக்குள் பூரான் என்கிற வெள்ளைப் பருப்பு இருந்தால் அடித்துப் பிடித்துத் தின்போம். அந்த நினைவோடு, பழங்களைத் தோல்கூட உரிக்காமல் சட்டியில் புதைத்துப் பின்வளவில் வைத்தேன். குளிரைத் தாங்குகிற சாதிதானே, குளிரிலேயே கிடந்து பழகட்டும் என்பது என் கணக்கு. பங்குனியில் கிளறினேன். பூஞ்சணம் பிடித்து அழுகிக் கிடந்தன.

பின்னர் யோசித்தபோது ஒன்று புரிந்தது. ஆச்சியின் பாத்தியில் மண்ணே சூடாக இருந்தது. அந்தச் சூட்டை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை, எந்நேரமும் இருந்தது. எந்நேரமும் இருந்ததனாலேயே அதை நாங்கள் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

அடுத்த மார்கழியில், பல வருடமாகத் தோட்டம் செய்யும் ஒரு முதியவரிடம் கேட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினேன். எட்டு வயதுப் பேத்தி கூட இருந்தாள். பழத்தின் சதை முளைப்பதைத் தடுக்கும் என்பதால் இருவருமாகப் பிசைந்து கழுவி எடுத்தோம். உள்ளே அவரை விதைபோல வளைந்த சின்ன விதை. அது நன்றாகக் காய்ந்துவிட்டால் உயிர் போய்விடும். ஆகவே புதுப் பழத்தின் விதைதான் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நாள், நாளுக்கொரு தரம் தண்ணீர் மாற்றி ஊறவிட்டோம். செங்கல்போல அழுத்தி விற்கும் தென்னந்தும்புத் தூள் கட்டி ஒன்றை நனைத்து உதிர்த்தோம். பொதியில் இலங்கை என்று இருந்ததைப் பேத்தி விரல் வைத்து வாசித்தாள். கைக்குள் இறுக்கினால் ஒரு சொட்டும் வடியாத அளவு ஈரம் போதும். அதில் விதைகளைக் கலந்து, வாய் மூடும் பிளாஸ்டிக் பையில் இட்டு, சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் துவாய்களின் பக்கத்தில் வைத்தோம். அங்கே 20-இலிருந்து 25 பாகை வரை சூடு இருக்கும்.

"பனிக்குள்ள நிக்கிற மரமெல்லே அப்பப்பா, அதுக்கேன் சூடு?" என்றாள்.

நான் வாய் திறக்குமுன் தானே சொன்னாள்: "ஓ, அது இப்ப பேபிதானே."

அலுமாரிக் கதவை மூடிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். அவளுடைய அப்பாவுக்கு ஏழு வயதாக இருந்தபோதுதான், 1989-இல், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தோம். வந்த முதல் குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பேச மொழியில்லை, சேர ஆளில்லை. பின்னேரம் வந்து சப்பாத்தையும் கழற்றாமல் கதவடியில் இருந்து அழுவான். இரவு வேலைக்கு வெளிக்கிட்டபடி நான் சொல்வேன்: "அழாதை. உலகம் இப்பிடித்தான். பழகு." ஒருநாளும் குனிந்து தூக்கவில்லை. கடினமான ஊரில் வாழப் போகிறவன், கடினமாகவே வளரட்டும் என்று நினைத்தேன். பின்வளவில் சட்டியை வைத்தபோது போட்ட அதே கணக்கு.

அவன் படித்தான், நல்ல நிலைக்கு வந்தான். என் கண்டிப்பால்தான் என்று பல காலம் பெருமைப்பட்டேன். ஆனால் நான் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, அவன் அம்மா அவனை அடுப்படிக்குக் கூட்டிப்போய், பக்கத்தில் இருத்தி, பால் காய்ச்சிக் கொடுத்து, அன்றைய கதை முழுவதையும் கேட்டிருக்கிறா. அவன் முளைத்தது அந்தச் சூட்டில். இதைக் காண எனக்கு 74 வயதாக வேண்டியிருந்தது.

ஏழாம் கிழமை பைக்குள் வெள்ளை முனைகள் தெரிந்தன. முதலில் கீழே போவது வேர்; இலை பிறகுதான் வரும். பொறுக்க மாட்டாமல் இடையில் ஒருநாள் விரல்விட்டுக் கிளறி இரண்டு முளையை ஒடித்தேன். அதற்குப் பிறகு கை வைக்கவில்லை. ஆழமான சட்டிகளில் ஒவ்வொன்றாக ஊன்றினோம். முதல் இலை புல்லைப்போல ஒற்றையாக வந்தது. விசிறி ஓலைக்கு இன்னும் சில வருடம் செல்லும்.

சூட்டிலேயே வைத்திருப்பதும் அன்பாகாது. பாசத்தால் அறைக்குள்ளேயே வைத்துக்கொண்ட ஒரு கன்று வெளிச்சம் போதாமல் வெளிறி, நீண்டு, சாய்ந்துபோயிற்று. மற்றவற்றை வைகாசியில் முதலில் நிழலிலும், பின் ஒரு மணி இரண்டு மணி நேரம் வெயிலிலும் வைத்துப் பழக்கினோம். முதல் இரண்டு மூன்று குளிர்காலத்துக்குக் கண்ணாடிக் கூரையின்கீழ் இருக்கும், பிறகுதான் நிலம். சூடு தொடக்கத்துக்கு, குளிர் படிப்படியாக.

இந்தக் கவனத்துக்குக் காரணம் உண்டு. வேம்பின் ஒரு கொப்பு முறிந்தால் இன்னொன்று துளிர்க்கும். இந்தப் பனைக்கு ஒரே குருத்து. அது செத்தால் மரமும் செத்தது. பிள்ளைக்குள்ளும் அப்படி ஒரு குருத்து இருக்கிறது. அதைத் தொடாமல் குளிரைப் பழக்கத் தெரிந்தவரே நல்ல தாய், நல்ல தகப்பன், நல்ல ஆசிரியர். இளம் பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உலகம் கடினமானது என்பதை உலகமே சொல்லிக்கொடுக்கும், அதற்கு உங்கள் உதவி வேண்டாம். வீட்டுக்குள் கிடைக்கவேண்டியதை வீடுதான் கொடுக்க வேண்டும்.

போன மாசியில் மகன் வந்திருந்தான். யன்னலோரம் இருந்த சட்டிகளைக் காட்டி, பின்வளவில் அழுகிப்போன முதல் சட்டியின் கதையையும் சொன்னேன். பிறகு, "நீ கதவடியில இருந்து அழேக்க, நான் உன்னைத் தூக்கியிருக்க வேணும்" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. ஒரு சட்டியைத் தூக்கி, கன்றின் ஒற்றை இலையை இரண்டு விரலால் மெல்லத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"இதை வெளியில வைக்கட்டோ அப்பா?"

"இப்ப வேண்டாம், ராசா. உள்ளுக்கே இருக்கட்டும். வெளியில இன்னும் குளிர்."