தாராக் காலின் வளையம்

எங்க குடும்பத்தில் தலைமுறைச் சொத்தாக வந்தது ஒரே ஒரு பொருள்தான். ஒரு அலுமினிய வளையம். சுண்டுவிரல் நுழையும், கட்டைவிரல் நுழையாது. நிலம் வரவில்லை. பட்டா வரவில்லை. தாத்தா எந்த வருஷம் பிறந்தார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. இது வந்தது. பாட்டியின் சுருக்குப் பையில் வெற்றிலையோடு கிடந்தது, முதலில் என் அரைஞாண் கயிற்றில் ஏறியது, அப்புறம் தம்பிக்கு. அதைப் போட்டிருந்தால் பிள்ளை இராத்திரியில் பயந்து அழாது என்பாள் பாட்டி.

அது ஒரு பறவையின் காலில் கிடந்த வளையம்.

எங்க ஊர் நாங்குநேரி தாலுகாவில், கூந்தன்குளத்துக்குப் பக்கம். மார்கழி, தையில் வடக்கேயிருந்து தாரா வரும். வீட்டில் வளர்க்கிற தாரா இல்லை, காட்டுத் தாரா. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் குறுக்கே இரண்டு கறுப்புக் கோடு. புத்தகத்தில் வரித்தலை வாத்து என்று போட்டிருக்கிறார்கள். மங்கோலியா, திபெத்துப் பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. உடம்பில் கருவி கட்டி ஆராய்ந்தவர்கள், ஒரு பறவை 7,290 மீட்டர் உயரத்தில் பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். கூந்தன்குளம் 1994-இல் சரணாலயம் ஆனது. இன்றைக்கு வெளியூரிலிருந்து வந்து பைனாகுலர் வைத்துப் பார்க்கிறார்கள். நல்லதுதான். எங்க தாத்தாவுக்கும் இதைப் பார்ப்பதுதான் வேலை. பார்த்து விரட்டுகிற வேலை.

பகலெல்லாம் குளத்தில் கிடக்கும். பொழுது சாய்ந்தால் கூட்டமாக எழும்பி வயலில் இறங்கும். புல் தின்கிற பறவை அது. பிசான நெற்பயிர் அதற்குப் புல்தான். பண்ணையார் வயலுக்குத் தாத்தா இராக்காவல். கையில் ஒரு தகர டின், தட்ட ஒரு கம்பு, போர்த்திக்கொள்ள ஒரு சாக்கு.

1964 வாக்கில் நடந்தது. அம்மா அப்போது கைப்பிள்ளை. ஒருநாள் விடியற்காலம் தாத்தா கண் அசந்துவிட்டார். காலையில் பண்ணையார் வரப்பில் நின்று பார்த்தபோது வயலின் ஒரு மூலை மொட்டையாகக் கிடந்தது. அறுப்புக்குத் தர வேண்டிய கொத்தில் ரெண்டு மரக்கால் பிடித்தம் என்றார். கடனாகக் கேட்டிருந்த நெல்லும் கிடையாது என்றார். மலை தாண்டி வந்த பறவை மேய்ந்த கணக்கை எங்க வீட்டுப் பானையில் எழுதினார்கள்.

அன்று இராத்திரி தாத்தா வரப்பில் கண்ணி வைத்தார். ஒன்று விழுந்தது.

பாட்டி சொல்லுவாள்: "நாலு வீட்டுக்குப் பங்கு வச்சோம்ட்டி. வெளிய தெரிஞ்சிரக்கூடாதுன்னு எறகெல்லாம் குழி தோண்டிப் பொதச்சோம். ஒங்கம்மைக்கு எனக்குப் பால் ஊறுச்சு பாரு, அந்தக் கறியிலதான்."

வளையத்தில் எழுத்து இருந்தது. எங்க தெருவில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஆள் இல்லை. தாத்தா அதை மடியில் முடிந்துகொண்டு ஊருக்குள் போனார். பள்ளிக்கூட வாத்தியார் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று கேட்டார். வாத்தியார் கைக்கு வாங்கவில்லை. திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கவர்மெண்டுப் பறவைலே. இதப் பிடிச்சவன ஜெயில்ல போடணும்னு எழுதியிருக்கு."

தாத்தா அதைக் கூரை ஓலைக்குள் செருகினார். அதற்குப் பிறகு காக்கி உடுப்பைக் கண்டாலே பனைக்கூட்டத்துக்குள் போய் மறைந்துகொள்வாராம். போஸ்ட்மேனுக்கும் பயந்திருக்கிறார். தூரப் போட்டால் யாராவது எடுத்துக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தினால்தான் வளையம் எங்களிடம் தங்கியது. வாத்தியாரும் பண்ணையாரும் செத்துப்போன பிறகுதான் பாட்டி அதை வெளியே எடுத்தாள்.

2001-இல் நான் எட்டாம் வகுப்பு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வளையத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'இன்பார்ம்', அதாவது தெரிவி. அப்புறம் பம்பாயில் இருக்கிற இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பெயர். ஒரு எண். அவ்வளவுதான். ஜெயிலும் இல்லை, போலீசும் இல்லை. பறவைகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று அறிய அந்தச் சங்கம் 1959-இல் பெரிய அளவில் வளையம் மாட்டத் தொடங்கியது என்று பின்னால் படித்தேன். கண்டெடுத்தவர் ஒரு கடிதம் போட வேண்டும். அது எங்க தாத்தாவிடம் கேட்டது ஒரு சேதி மட்டும்தான்.

ஓடிப்போய்த் தாத்தாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நீ சின்னப்பிள்ள. வாத்தியார் வாசிச்சது தப்பா இருக்குமாட்டி?" என்று கேட்டார். இரண்டு வருஷம் கழித்து அதே பயத்தோடு செத்துப்போனார்.

எம்.ஏ. வகுப்பில் அன்னத்தையும் நாரையையும் தூது விட்ட பாட்டுகளை நிறையப் படித்தேன். பரீட்சையில் நயம் பாராட்டி எழுதினேன். எங்க தாத்தா கைக்கு உண்மையாகவே ஒரு பறவை எழுத்தோடு வந்தது. அந்த எழுத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரு திண்ணை இருந்தது. திண்ணையில் இருந்தவர் வாசித்ததுதான் அர்த்தம் ஆனது.

இதைச் சொன்னபோது பறவை நேசரான ஒரு தோழர், "ஐயோ, கொன்னுட்டாங்களா?" என்றார். கொன்றார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். அதற்கு முன்னால் துப்பாக்கியோடு போய்க் குளத்தில் சுட்ட துரைமாரும் ஜமீன்தார்களும் வேட்டைப் பிரியர்கள். பசிக்குக் கண்ணி வைத்தவன் மட்டும் களவாணி. இன்றைக்கு நானும் அந்தப் பறவையைத் தொட விடமாட்டேன். ஆனால் எங்க தாத்தாவுக்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

போன மாதம் அந்தச் சங்கத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "எதுக்குட்டி இப்ப அதக் கிண்டுத? செத்த மனுசனக் களவாணின்னு எழுதிக் கொடுக்கப் போறியா?"

நான் எழுதினேன். வளையத்தின் எண். கிடைத்த இடம். ஏறத்தாழ வருஷம். கண்டெடுத்தவர் பெயர் என்று தாத்தா பெயரை எழுதினேன், பண்ணையார் வாயில் பாதியாக முறிந்ததை முழுசாக. தொழில்: வயல் காவல். கிடைத்த விதம்: பசிக்காகக் கண்ணி வைத்துப் பிடித்தது, நான்கு வீட்டார் தின்றார்கள்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "எனக்குப் பால் கெடச்சதையும் எழுதுட்டி."

எழுதினேன்.

வளையத்தை அனுப்பவில்லை, எண்ணை மட்டும்தான். வளையம் இப்போது தம்பி மகள் இடுப்பில் கிடக்கிறது.