வாத்தியாரம்மா விழுந்த அன்று

பினாங்கில் நவம்பர் மாத மழை பெரும்பாலும் மாலை நேரத்தில்தான் கொட்டித் தீர்க்கும். 2024 நவம்பரில் அப்படி ஒரு மழை ஓய்ந்ததும், கொடியில் நனைந்துபோன துண்டுகளை எடுக்கப் பின்வாசலுக்குப் போனார் வாத்தியாரம்மா. டைல்ஸ் தரை வழுக்கியது. இடுப்பு தரையில் மோத விழுந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இடது கால் சற்றே குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

உள்ளேயிருந்து ஓடிவந்த வாத்தியாருக்கு 78 வயது. கை தானாக 999-ஐ அழுத்தப் போனது. இங்கிலாந்திலும் மலேசியாவிலும் அவசர எண் இதுதான். வேலைக்கு வரும் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்குப் போட்டா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாங்க. உங்க டாக்டர் இருக்கற ஆஸ்பத்திரிக்கே போன் போடுங்க. ஆன்ட்டியை யாரும் தூக்கக் கூடாது, அப்படியே விடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு தலையணையும் போர்வையுமாக வந்து ஈரத் தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியாரும் வாத்தியாரம்மாவும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்காரர்கள். அவர் பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடம் நடத்தியவர். அந்த அம்மா நூலகத்தில் வேலை பார்த்தவர். 'வாத்தியார்' என்பது அக்கா வைத்த பெயர். அக்காவின் அப்பா அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்தில் பெரிய மரியாதை வாத்தியாருக்குத்தான் என்பதால் இவருக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது. மனைவி எதிரில் இருந்தால் 'ஆன்ட்டி', மற்றவர்களிடம் பேசும்போது 'வாத்தியாரம்மா'.

இவர்கள் பினாங்குக்குக் குடிவந்தது 2011-ல். 'மலேசியா மை செகண்ட் ஹோம்' என்று ஒரு திட்டம் 2002 முதல் இருக்கிறது. வெளிநாட்டவர் நீண்டகால விசாவில் அங்கே வந்து தங்கலாம். அன்றைய விதிப்படி, 50 வயதைத் தாண்டியவர்கள் 3,50,000 ரிங்கிட் சொத்தும் மாதம் 10,000 ரிங்கிட் வருமானமும் காட்டி, 1,50,000 ரிங்கிட்டை மலேசிய வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு வீடு, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம் ஆகிய செலவுகளுக்காக அதில் 50,000 வரை எடுத்துக்கொள்ளலாம். மீதி ஒரு லட்சத்தைத் தொடக்கூடாது. லீட்ஸ் வீட்டை விற்ற காசு இருந்தது. இருவரின் ஓய்வூதியமும் சேர்ந்து கணக்குக்குப் போதுமானதாக இருந்தது.

முப்பது வருடம் கரும்பலகையில் பூமத்திய ரேகையைக் கோடாகப் போட்டுக் காட்டிய மனிதருக்கு, அதன் பக்கத்திலேயே போய் வாழ்வது வேறு விஷயம் என்று புரிய ஒரு மாதம்கூட ஆகவில்லை. தோல் செருப்பில் பச்சைப் பூசணம். புத்தக அட்டைகள் சோறு ஊறினாற்போல் உப்பின. சுமத்ராவில் காடு எரிந்தால் இங்கே ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்தது. ஆனால், லீட்ஸில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இங்கே வருடம் முழுக்கப் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமம். வாத்தியாரம்மாவின் முழங்கால் வலி குறைந்ததற்கு அந்த வெயிலைத்தான் காரணம் சொல்வார். டாக்டர் சிரித்துக்கொள்வார், மறுத்ததில்லை.

வைத்தியம் பார்க்கும் முறையும் அவர்களுக்குப் புதிது. ஊரில் முதலில் குடும்ப டாக்டர், அவர் கடிதம் கொடுத்தால் சிறப்பு மருத்துவர், நடுவில் நீண்ட காத்திருப்பு. ஆனால், கையிலிருந்து காசு போகாது. பினாங்கில் காலையில் போன் செய்தால் அன்றைக்கே இதய டாக்டரைப் பார்த்துவிடலாம். தெருமுனை கிளினிக்கில் டாக்டரைப் பார்த்த கையோடு, பெயர் எழுதிய குட்டி பிளாஸ்டிக் பையில் மாத்திரையும் அங்கேயே தருவார்கள். எல்லாவற்றுக்கும் அங்கேயே பணம் கட்ட வேண்டும். அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரின் சலுகை கிடையாது.

இரண்டாவது வருடமே வாத்தியாருக்கு டெங்கு வந்தது. அவர் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலேயே கொசுப்புழு இருந்தது. மலேசியாவில் அது குற்றம். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்க 1975-லேயே சட்டம் போட்டு, வீடு வீடாகச் சோதனை செய்து அபராதம் விதிக்கிறார்கள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும், "சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்" என்று வாத்தியார் சட்டையை மாட்டினார். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரு நாள்தான் ஆபத்து என்று டாக்டர் படுக்கையிலேயே நிறுத்திவைத்தார். தட்டணுக்கள் இறங்கி, பிறகு மெல்ல ஏறின. அக்கா கொண்டுவந்த பப்பாளி இலைச் சாற்றை டாக்டருக்குத் தெரியாமல் குடித்ததாக அவர் இன்றும் நம்புகிறார். டாக்டருக்குத் தெரியும்.

அந்தச் செலவை இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. பிறகு வயது ஏற ஏற பிரீமியமும் ஏறியது. 75 வயதில் வந்த புதுப்பிப்பு நோட்டீஸைப் பார்த்துவிட்டு, வாத்தியார் தாளில் கூட்டிக் கழித்து ஒரு முடிவெடுத்தார். பாலிசி வேண்டாம். அந்தப் பணத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வைப்போம். அங்கே குடியேறிய வெளிநாட்டுப் பெரியவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். நோய் மெதுவாக வந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும்.

ஓய்வூதியத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. பள்ளி ஆசிரியர் ஓய்வூதியம் விலைவாசிக்கேற்ப உயரும், எந்த நாட்டில் இருந்தாலும் உயரும். பிரிட்டிஷ் அரசு முதியவர்களுக்குத் தரும் ஓய்வூதியம் அப்படியல்ல. அமெரிக்காவிலோ பிலிப்பைன்ஸிலோ குடியிருந்தால் வருடா வருடம் கூட்டித் தருவார்கள். மலேசியா, இந்தியா, ஆஸ்திரேலியா, கனடா என்றால் முதலில் வாங்கிய தொகையிலேயே நின்றுவிடும். வாத்தியார் 65 வயதில், 2011-ல் வாங்கியது வாரத்துக்கு 102.15 பவுண்டு. அவர் விழுந்து விழுந்து கணக்குப் போட்ட 2024-லும் அதே 102.15-தான். லீட்ஸில் அவரோடு சேர்ந்து ஓய்வுபெற்றவர் அப்போது 169.50 வாங்கிக்கொண்டிருந்தார். வருடத்துக்கு 3,500 பவுண்டு வித்தியாசம். வேடிக்கை என்னவென்றால், பேரப்பிள்ளைகளைப் பார்க்க அவர் ஊருக்குப் போகும் ஆறு வாரங்களுக்கு மட்டும் புதிய தொகை கிடைக்கும். விமானம் ஏறினால் பழையபடி 102.15.

இத்தனை கணக்கும் தெரிந்த மனிதர்தான், அன்று மாலை மருத்துவமனைக் கவுன்ட்டரில் திகைத்து நின்றார். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது தெரிந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை செய்துவிடுவது நல்லது, தள்ளிப்போடத் தள்ளிப்போட நுரையீரலுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் ஆபத்து என்றார் எலும்பு டாக்டர். இன்ஷூரன்ஸ் இல்லாததால் முன்பணம் கேட்டார்கள். அதில் தப்பில்லை, எல்லோரிடமும் கேட்பதுதான். அவருடைய கார்டின் வரம்பு போதவில்லை. தனிக் கணக்கில் இருந்தது மூன்று வருடச் சேமிப்பு. அதுவும் காலையில் வங்கி திறந்தால்தான் கைக்கு வரும். வைப்புத்தொகையில் எடுக்கலாம் என்ற அந்த 50,000-க்கு, மனு கொடுத்து அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். பதின்மூன்று வருடத்தில் வாத்தியாரும் அவரும் பேசிக்கொண்டதெல்லாம் மாமரக் கிளை யார் பக்கம் வளர்கிறது என்பதைப் பற்றித்தான். கொஞ்சம் மனஸ்தாபமும் உண்டு. அக்கா யாரையும் கேட்காமல் அவருக்குப் போன் செய்திருந்தார். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்தவர், எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் தன் கார்டை நீட்டினார். ரசீதை வாங்கி மடித்து வாத்தியார் சட்டைப்பையில் வைத்துவிட்டு, காபி வாங்கப் போனார்.

லீட்ஸில் மகள் அப்போது அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். விஷயம் கேட்டதும் அவள் சொன்னது நியாயம்தான். "போதும்ப்பா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நிரந்தரமாகத் திரும்பி வந்துவிடுங்கள். இறங்கிய நாளிலிருந்தே ஆஸ்பத்திரி இலவசம்." சட்டம் அப்படித்தான். வெளிநாட்டில் வாழும்வரை ஊரில் இலவச மருத்துவமனை உரிமை இல்லை. திரும்பிக் குடியேறினால் உடனே உண்டு. ஓய்வூதியமும் 169.50 ஆகிவிடும். வாத்தியார் அன்றிரவு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே மனதுக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டார்.

மறுநாள் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, முறிந்த எலும்புத் தலையை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். அதற்கும் அடுத்த நாள் காலை, பிசியோதெரபிப் பெண் வாக்கரோடு வந்து நின்றார். வாத்தியாரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலி. வாத்தியாரும் "இன்று ஒரு நாள் விட்டுவிடுங்களேன்" என்றார்.

அக்காதான் விடவில்லை. "எங்கம்மாவும் இப்படித்தான் விழுந்தாங்க. தோட்டத்துல அப்ப யாரு ஆப்பரேஷன் பண்ணா? வலிக்குதேன்னு அசைக்காம படுக்க வெச்சோம். நல்லது பண்றோம்னு நெனச்சோம். முதுகெல்லாம் புண்ணு, நெஞ்சுல சளி. மூணு மாசம்தான்." இதைத் தமிழில்தான் சொன்னார். பாதியை நர்ஸ் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதற்குள், வாத்தியாரம்மா கையை நீட்டிவிட்டார். வார்த்தை புரிந்ததோ, முகம் புரிந்ததோ. நான்கு அடி நடந்தார். திரும்ப வந்து உட்கார்ந்ததும், பதின்மூன்று வருடத்தில் கற்றுக்கொண்ட ஏழெட்டுத் தமிழ் வார்த்தைகளில் ஒன்றைச் சொன்னார்: "போதும்."

மொத்தச் செலவு அந்த 50,000 ரிங்கிட்டுக்குள் அடங்கியது. அனுமதிக் கடிதம் வந்து பணம் கைக்கு வந்ததும் வாத்தியார் முதலில் போனது பக்கத்து வீட்டுக்கு. மாமரக் கிளையை வெட்டச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். வெட்ட வேண்டாம், பழம் நன்றாக இருக்கிறது என்றாராம் சீனப் பெரியவர்.

ஊருக்குத் திரும்புவது பற்றிய பேச்சை வாத்தியாரம்மாவே எடுத்தார். அவர் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். நூலகத்தில் வேலை பார்த்தவர், கணக்கில் கணவருக்குச் சளைத்தவர் அல்ல. ஊரில் ஆஸ்பத்திரி இலவசம், சரி. வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிட, துணி மாற்றிவிட ஆள் வேண்டுமென்றால், சேமிப்பு வைத்திருப்பவர்கள் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். விற்ற வீட்டை இனி வாங்க முடியாது. மகளின் வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில். மகளும் மருமகனும் காலையில் கிளம்பினால் மாலையில்தான் வருவார்கள். இங்கே அக்கா வாரம் மூன்று நாள் வந்துகொண்டிருந்தவர், இப்போது பட்டர்வொர்த்திலிருந்து தினமும் படகேறி வருகிறார். சம்பளம் இரட்டிப்பாகியும் கட்டுப்படியாகிறது.

இன்னொரு வரியும் அந்தத் தாளில் இருந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் எடுக்க 50,000 இருக்காது. வைப்பில் மிச்சமிருக்கும் ஒரு லட்சம், அவர்கள் அங்கே இருக்கும்வரை தொட முடியாத பணம்.

அதனால் அரைகுறையாக ஒரு முடிவு எடுத்தார்கள். இருவரும் இருக்கும்வரை பினாங்கு. ஒருவர் போய்விட்டால் மற்றவர் லீட்ஸ். மகளிடம் சொன்னபோது அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, மாடியில் இருக்கும் குளியலறையைக் கீழே கொண்டுவர எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பதாகச் சொன்னாள். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. காதில் விழுந்திருக்க வேண்டும். இரண்டு நாள் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே கழுவப்பட்டன.

பின்வாசல் டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான கல் போட்டாயிற்று. குளியலறையில் இரண்டு கைப்பிடிகள். பாலிசியை மறுபடி எடுக்க முடியுமா என்று வாத்தியார் கேட்டுப் பார்த்தார். இந்த வயதில், இந்த எலும்போடு, யாரும் தரத் தயாராக இல்லை. தனிக் கணக்கில் மாதம் போடும் தொகையைக் கூட்டியிருக்கிறார். அதற்காக வெள்ளிக்கிழமை ஓட்டல் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். வாத்தியாரம்மாவுக்கு அதில் வருத்தம்தான். பினாங்கு நாசி கண்டார் அவருக்கு உயிர்.

ஃபிரிட்ஜ் கதவில் அவசரத் தொலைபேசி எண்கள் ஒட்டியிருக்கும் தாளையும் மாற்றி எழுதினார்கள். முன்பு அதில் மகள் எண் முதலில் இருந்தது. இப்போது முதலில் அக்கா, அடுத்து பக்கத்து வீடு, பிறகு மருத்துவமனை, அதன் பிறகு லீட்ஸ். மாற்றியதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று வாத்தியார் தயங்கினார். வீடியோ அழைப்பில் அதைக் கவனித்துவிட்ட மகள், அக்காவின் எண்ணைத் தனக்கு அனுப்பச் சொன்னாள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முதலில் கூப்பிடுவது அக்காவைத்தான்.