திருப்பூர்ப் பனியனின் யாத்திரை

கோயமுத்தூரிலிருந்து கிழக்கே ரயிலேறினால் ஒரு மணி நேரத்திற்குள் வந்துவிடும் ஊர் திருப்பூர். ஸ்டேஷனுக்கு அருகிலேயே இருக்கிறது குமரன் நினைவகம். 1932-ம் ஆண்டு ஜனவரியில், போலீஸ் தடியடிபட்டு வீழ்ந்தும் கையிலிருந்த கொடியை விடாத குமரனைத் தமிழ் நாட்டில் அறியாதார் யார்? அந்நியத் துணியைப் பகிஷ்கரித்த காலம் அது. இன்றோ அதே ஊர் அந்நிய நாட்டாருக்கு ஆடை தைத்து அனுப்புகிறது! பெருமைப்பட வேண்டிய விஷயந்தான். ஆயினும் ஒரு பனியனின் யாத்திரையை நேயர்கள் என்னுடன் சற்றுத் தொடர்ந்து வர வேண்டும்.

நூல் நூற்பது ஓரிடம், பின்னுவது வேறிடம், சாயம் ஏற்றுவது மற்றோரிடம். பிறகு வெட்டுகிறவர், தைக்கிறவர், துணி மடித்துக் கொடுக்கும் 'கைமடி', பிசிறு வெட்டுகிறவர், இஸ்திரி போடுகிறவர் என்று பல கைகள் மாறித் தூத்துக்குடியில் கப்பலேறுகிறது. கழுத்துச் சீட்டில் மட்டும் சீமைக் கம்பெனியின் பெயர்! நிறம், தையல், தேதி, விலை யாவற்றையும் விதிப்பதும் அந்தக் கம்பெனியே.

2005 ஜனவரியில் உலக ஜவுளி வர்த்தகத்திலிருந்த அளவுக் கட்டுப்பாடு நீங்கிற்று. வேலை பெருகியது, பீஹார், ஒடிஸாவிலிருந்தும் ஜனங்கள் ஜீவனம் தேடி வந்தார்கள். கூடவே போட்டியும் வந்தது. இங்கே விலை ஏறினால் ஆர்டர் வங்காள தேசத்துக்குப் போய்விடலாம். ஆகவே அவசர ஆர்டர் வந்தால் பன்னிரண்டு மணி நேரம், அதாவது 'ஒன்றரை ஷிப்டு' வேலை. ஆர்டர் நின்றால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரை வரி விதித்தபோது, வாஷிங்டனில் போட்ட முடிச்சு இவ்வூர்த் தையல்காரரின் கழுத்தை இறுக்கியது.

நொய்யலின் கதையும் இதுவே. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆடை கடல் கடந்தது. அழுக்கு மட்டும் இங்கேயே தங்கிற்று.

1984-ல் இவ்வூர்த் தொழிலாளர் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கேட்க வேண்டிய முதலாளி அன்று எதிரே இருந்தார். இன்று விலையை நிர்ணயிக்கிறவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். அவர் வாசலில் எப்படிப் போய் நிற்பது? விலையை விதிக்கும் உரிமை எவருக்கு உண்டோ, கூலிக்கும் ஆற்றுக்கும் பொறுப்பும் அவருக்கு உண்டு. அதைச் சட்டமாக்கும் வரையில் திருப்பூரின் பெருமை அரைகுறைப் பெருமையே.