சோளமும் சுண்ணாம்பும்

நம் சங்கத்து நண்பர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சாப்பாட்டில்தான் வந்து முடியும். விடுதிச் சாம்பார் இனிக்கிறது, ரசத்தில் மிளகு இல்லை, இட்லியைக் கொண்டு சுவர் எழுப்பலாம் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலை இங்கே நான் படிக்கப் போவதில்லை. மெக்ஸிகோ நாட்டு நண்பர் ஒருவரோடு பட்டான்செருச் சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்லப் போகிறேன்.

நண்பர் ஆறு மாத ஆராய்ச்சிக்காக நம் பல்கலைக்கழகத்துக்கு வந்திருப்பவர். ஊர் ட்லாஸ்கலா; மெக்ஸிகோ நகரத்துக்குக் கிழக்கே உள்ள சிறிய மாநிலம். அந்தப் பெயருக்கு அவர்களுடைய பழைய மொழியான நாவாட்டிலில் மக்காச்சோள ரொட்டியின் ஊர் என்று பொருளாம். "ஹோட்டல் வேண்டாம், சந்தை வேண்டும், உங்கள் மக்கள் எதை வாங்கி எதைத் தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்" என்றார். லிங்கம்பள்ளியில் பஸ் ஏறி, இராமச்சந்திராபுரம் தாண்டிப் பட்டான்செருவில் இறங்கினோம். பதுக்கம்மா பண்டிகைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

தொழிற்பேட்டை, மருந்து ஆலைகள், கெட்டுப்போன ஓடைகள் என்றுதான் நம்மில் பலர் இந்த ஊரை அறிவோம். ஆனால், கல்யாணிச் சாளுக்கியர் காலத்தில் பொட்டலக்கெரெ என்ற பெயரோடு, இரண்டாம் ஜெயசிம்மனுக்குத் தலைநகராய் விளங்கிய ஊர் இது. கெரெ என்றாலும் செருவு என்றாலும் ஏரிதான். வாரச் சந்தையை இங்கே 'அங்கடி' என்கிறார்கள். புகாரிலும் மதுரையிலும் இருந்த நாளங்காடியும் அல்லங்காடியும் என் நினைவுக்கு வந்தன. ஊர் உடனே சொந்தமாகிவிட்டது. தமிழனுக்கு ஒரு சொல் அகப்பட்டால் போதாதா!

ஆனால், என்னைவிட விரைவாகச் சொந்தம் கொண்டாடியவர் நண்பர்தான். மிளகாய்க் குவியலைக் கண்டார். "எங்கள் ஊர்" என்றார். தக்காளியைக் கண்டார், "எங்கள் ஊர்" என்றார். சப்போட்டாவைக் கையில் எடுத்து, "ட்சாபோட்டில்! பெயரைக்கூட மாற்றாமல் வைத்திருக்கிறீர்களே" என்றார். பண்டிகைக்காக மலைபோலக் குவித்திருந்த செண்டுமல்லியைக் கண்டதும் சற்று நேரம் பேசவில்லை. நவம்பர் மாதத் தொடக்கத்தில், இறந்தவர்கள் வீடு தேடி வரும் நாளில், அவர்களுக்கு வழி காட்ட அந்த ஊரில் இறைப்பது இந்தப் பூவைத்தானாம். இங்கே ஆவாரம்பூவோடு சேர்த்துப் பதுக்கம்மாவாக அடுக்கிப் பெண்கள் சுற்றி வந்து பாடுகிறார்கள். 

அன்று முழுதும் எனக்கு வேலை மொழிபெயர்ப்பு. என் தெலுங்கு எத்தகையது என்பதை நண்பர்கள் அறிவீர்கள். ஆகையால் அதைப் பற்றிப் பேச வேண்டாம். பெயர்களை ஒவ்வொன்றாய் விளக்கும்போதுதான் எனக்கு ஒரு வேடிக்கை புலப்பட்டது. கடல் கடந்து வந்த விருந்தாளிகளுக்கு நாம் புதுப் பெயர் வைக்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் பெயரையே கொடுத்திருக்கிறோம். மிளகு இருந்தது, வந்த காய் மிளகாய் ஆயிற்று. மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் இருந்தன. வந்தது தக்காளி ஆயிற்று. பிள்ளைப் பருவத்தில் தோல்மூடிய சொடக்குத் தக்காளியை நெற்றியில் அடித்துச் சொடக்கு விட்டிருப்பீர்களே, அதற்கு நெருங்கிய உறவான ஒரு காய் மெக்ஸிகோவில் இன்றும் பச்சைச் சட்னிக்கு உயிராக இருக்கிறதாம். சோளம் இருந்தது; வந்தது மக்காச்சோளம். தெலுங்கிலும் அப்படியே: ஜொன்ன, மொக்கஜொன்ன. இப்போதோ நகரத்துப் பிள்ளைகளிடம் சோளம் என்றால் சினிமாக் கொட்டகையில் பொரித்துத் தரும் விருந்தாளியைத்தான் நினைக்கிறார்கள். பெரியவர் பெயரையும் இழந்து திண்ணைக்கு வந்துவிட்டார்.

ஒரு மூலையில் மக்காச்சோளக் கதிரைக் கரியில் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துக் கொடுத்தார்கள். நண்பர் இரண்டு தின்றார். அவர் ஊரிலும் இதே எலுமிச்சை, இதே மிளகாயாம். எலுமிச்சை மட்டும் நம் பக்கத்து நாடுகளிலிருந்து அங்கே போனது. ஆகவே கணக்கு நேராயிற்று என்று நான் சொன்னேன்.

அடுத்து ரொட்டி. ஓர் அம்மாள் மண்ணடுப்பின் முன் அமர்ந்து ஜொன்ன ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். "ரா பிட்டா, கூர்ச்சோ" என்று எங்களை அழைத்தார். வா பிள்ளாய், உட்கார் என்று பொருள். நண்பர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உருண்டையை உள்ளங்கையில் வாங்கி, மாவு தூவிய பலகையில் வைத்து, தட்டித் தட்டிச் சுற்றுகிறார். அது தானாகவே முழுநிலா ஆகிறது. கல்லில் போட்டு, ஈரத்துணியால் மேலே ஒரு தடவு. திருப்பி நெருப்பில் காட்டினால் உப்பி எழுகிறது. "என் பாட்டி" என்றார் நண்பர். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "சுண்ணாம்பு எப்போது போடுவார்கள்?"

எனக்கு விளங்கவில்லை. அம்மாளுக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துவிட்டு, இடுப்புப் பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியை எடுத்து நீட்டினார்!

விஷயம் இதுதான். கோதுமை மாவு பிசைந்தால் இழுபடும். அதில் பசைப் புரதம் உண்டு. சோளத்திலும் மக்காச்சோளத்திலும் அது இல்லை. சும்மா பிசைந்து தட்டினால் ஓரம் வெடிக்கும். இதற்கு இரண்டு கண்டங்கள் இரண்டு வழி கண்டன. நம் அம்மாள் கொதிக்கும் நீரை ஊற்றி மாவைப் பிசைகிறார். சூட்டில் மாவுச்சத்து கூழாகி ஒட்டிக்கொள்கிறது. மெக்ஸிகோக்காரர்கள் தானியத்தையே சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஓர் இரவு ஊறவிட்டு, தோலைக் கசக்கிக் கழுவி, ஈரமாக அரைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்து வரும் பக்குவம் அது.

ரொட்டி வெடிக்காமல் இருப்பது மட்டுமன்று அதன் பயன். மக்காச்சோளத்தில் நயாசின் என்ற உயிர்ச்சத்து உண்டு. ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. கப்பலில் மக்காச்சோள விதையை ஏற்றிச் சென்ற ஐரோப்பியர்கள் சுண்ணாம்புப் பக்குவத்தை ஏற்றிச் செல்லவில்லை. அதன் விலை என்ன தெரியுமா? அதையே முழு உணவாகக் கொண்ட ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு போயிற்று, புத்தி பேதலித்தது, உயிரும் போயிற்று. பெல்லாக்ரா என்று பெயர். 1735-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காசால் அதை விவரித்தார். இத்தாலியிலும் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அதனால் மாண்டனர். நயாசின் இல்லாமைதான் காரணம் என்று 1937-க்குப் பிறகே தெளிவாயிற்று. விதை பிறந்த நாட்டில், கிழவிகளின் பானையில், விடை கொதித்துக்கொண்டிருந்தது, கேட்பார்தான் இல்லை.

இந்த நோய்க்கும் நாம் படிக்கும் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. குன்னூரில் பிறந்து 1958-இல் ஹைதராபாத்துக்கு வந்த சத்துணவு ஆராய்ச்சி நிலையத்தில், சேலத்தில் பிறந்த நம் டாக்டர் சி. கோபாலன் பணியாற்றினார். தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் பெல்லாக்ராவை அவர்கள் கண்டார்கள். சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்ற பொருள் காரணமாகலாம் என்று அவரும் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் எழுதினர். அறிஞர்கள் எல்லாரும் அதை ஒப்பவில்லை. ஆனால், சோளத்தோடு பருப்பும் பாலும் சேர முடியாத வறுமை இருந்ததை யார் மறுப்பார்? கோபாலன் நூறு வயதுவரை வாழ்ந்து 2019-இல் மறைந்தார். பழைய உணவு எல்லாமே அமுதம் என்று இப்போது மேடையில் முழங்குகிற சிறுதானிய அன்பர்களுக்கு அவர் பெயரை நினைவூட்ட எனக்கு ஆசை.

ரொட்டிக்காரம்மாள் வேறொரு கணக்குச் சொன்னார். இந்தப் பக்கத்தில் இப்போது ஜொன்ன விதைப்பார் இல்லையாம். நிலம் ஆலையாயிற்று, அல்லது மனையாயிற்று. ஜகீராபாத் பக்கத்திலிருந்து மூட்டை வருகிறது. மகள் மருந்து ஆலையில் பொட்டலம் கட்டுகிறாள். அவளுக்கு ரொட்டி தட்ட வராது. "அவளுக்கு எதற்கு? பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறாள்" என்று அவரே அவளுக்காக வழக்கும் பேசினார். தாராபுரம் பக்கத்தில் என் அம்மாயி சோளம் குத்திச் சோறாக்குவார். என் அம்மாவுக்கு அந்தக் கைப்பக்குவம் தெரியாது. அம்மாவும் நின்றே வேலை செய்தவர்தான்.

இதில் ஒரு விந்தை பாருங்கள். அதே பட்டான்செருவில், 1972 முதல் இக்ரிசாட் என்ற உலக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் குளிர் அறைகளில் சோளத்தில் மட்டும் 40,000-க்கு மேற்பட்ட வித்து வகைகள் காக்கப்படுகின்றன. மெக்ஸிகோவில், நண்பர் ஊருக்கு அதிகத் தூரமில்லாத டெஸ்கோக்கோவில், மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்கும் அதேபோல ஒரு நிலையம். விதைக்கு வீடு கிடைத்துவிட்டது. ரொட்டி தட்டும் கையை எந்த அறையில், எத்தனை டிகிரிக் குளிரில் வைப்பது?

குடிப்பதற்கு என்ன என்று கேட்டார் நண்பர். ஆடவர் சிலர் கள்ளு காம்பவுண்டு இருக்கும் திசையைக் காட்டினார்கள். தெலங்கானாவில் பனங்கள்ளும் ஈச்சங்கள்ளும் சட்டப்படி விற்கலாம். நம் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. நண்பருக்கு ஒரே மகிழ்ச்சி. அவர் தாத்தா கற்றாழை போன்ற மாகேய் செடியின் நடுவைக் குடைந்து, ஊறும் இனிப்புச் சாற்றை நாள்தோறும் எடுத்துப் புளிக்கவைப்பாராம். பூல்க்கே என்று பெயர். வெள்ளை நிறம், மெல்லிய புளிப்பு, ஓரிரு நாளுக்கு மேல் நில்லாது. கள்ளுக்கு உடன்பிறந்ததே. நாகரிகம் வந்தபின் பீர் வந்தது. பூல்க்கே குடிப்பது பட்டிக்காட்டான் வேலை ஆயிற்று. அவர் தந்தை அதைத் தொட்டதில்லை.

எழுந்து நடக்கப் போனோம். ரொட்டிக்காரம்மாள் நண்பரின் கையைப் பிடித்துவிட்டார். "மரத்தடியில், இறக்கியவன் கையால் குடி, கடையில் வேண்டாம் பிட்டா." 2025 ஜூலையில் ஹைதராபாத்தின் கூகட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் குடித்தவர்கள் பலர் மாண்டதை நாம் செய்தித்தாளில் படித்தோம் அல்லவா? கலந்திருந்தது அல்பிரசோலம் என்ற தூக்க மருந்து. மரத்துச் சாற்றில் தண்ணீரைக் கூட்டி, குறைந்த மயக்கத்தை மாத்திரையால் நிரப்புகிற வாணிகம் அது. ஏறுகிற தொழிலாளிக்கு அதில் என்ன கிடைத்திருக்கும்? நாங்கள் போகவில்லை. மோர் வாங்கிக் குடித்தோம். 'குடித்தாயா, உண்மையைச் சொல்' என்று விடுதியில் கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

பஸ்ஸில் திரும்பும்போது நம்மூர்ப் பதநீரைப் பற்றிச் சொன்னேன். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது. கள் பதநீராக நின்றுவிடும். நண்பர் துள்ளினார். "சுண்ணாம்பு உங்களிடமும் இருந்திருக்கிறது! பனைக்கு வைத்தீர்கள், வெற்றிலைக்கு வைத்தீர்கள், மக்காச்சோளத்துக்கு மட்டும் வைக்கவில்லை."

செய்து பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. ஆனால், நண்பர் தம் கையால் அதைச் செய்ததே இல்லை. அவர் வீட்டிலும் இப்போது பொட்டல மாவுதான். தாயாரைத் தொலைபேசியில் கேட்டார். தாயாருக்கு அளவு தெரியவில்லை. ஊரில் ஓர் அத்தைக்குத் தெரிந்திருந்தது. அந்த அத்தை தம் பிள்ளைகள்கூட இதைக் கேட்டதில்லை என்று சொல்லி, முக்கால் மணி நேரம் பேசினாராம். அளவை நான் தாளில் எழுதிக்கொண்டேன்: காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், சுண்ணாம்பு 10 கிராம். நம் பெட்டிக்கடைச் சுண்ணாம்பு ஈரமானது. ஆகவே சற்றுக் கூட்டி இரண்டு தேக்கரண்டி. முக்கால் மணி நேரம் வேகவைத்து இரவு ஊறப்போட்டோம். காலையில் நீர் மஞ்சளாகியிருந்தது. கசக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. நாலு முறை கழுவி, ஒரு நண்பரின் மிக்ஸியில் அரைத்தோம். மிக்ஸி இப்போது ஒருவிதமாக முனகுகிறது. உரியவர் இன்னும் கவனிக்கவில்லை.

மூடியைத் திறந்ததும் நண்பர் குனிந்து முகர்ந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. "வாசனை சரி" என்றார்.

ரொட்டி என்னவோ சரியில்லை. முதலாவது கந்தலாயிற்று, இரண்டாவது இலங்கைப் படம்போல வந்தது, மூன்றாவதை வட்டம் என்று அன்புள்ளவர்கள் ஒப்புக்கொள்ளலாம். மாவு இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை மாலை மீண்டும் தட்டுகிறோம். வருகிறவர்கள் பச்சைமிளகாய்ச் சட்னியோடு வரவும். சுண்ணாம்பு எங்களிடம் இருக்கிறது.