அம்மாவின் முகம், உள்ளபடி

தில்லி கரோல் பாகில், புடவைக் கடைகளுக்கு இடையே ஒரு சின்ன ஸ்டுடியோ. அமெரிக்காவில் பிறந்த பேத்தியை இதுவரை செல்போனில் மட்டுமே பார்த்திருக்கும் என் அம்மாவுக்கு (72) விசா படம் எடுக்க வந்திருக்கிறோம். வீட்டுச் சுவரோரம் நிற்கவைத்து நான் எடுத்த படம் உதவவில்லை. பின்னால் நிழல், கோப்பும் பெரிது.

இணைய விண்ணப்பம் கேட்பது சதுரப் படம். பக்கத்துக்கு 600 முதல் 1,200 பிக்சல்; கோப்பு 240 கிலோபைட்டுக்குள். வெள்ளைப் பின்னணி. முகவாயிலிருந்து உச்சந்தலை வரை, படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம். எடுத்து 6 மாதம் தாண்டியிருக்கக் கூடாது. 2016 நவம்பரிலிருந்து மூக்குக் கண்ணாடிக்கும் தடை.

ஸ்டுடியோக்காரர் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நாற்காலியைப் போடுகிறார். நிழல் போய்விட்டது. ஆனால் கண்ணாடியைக் கழற்றியதும் அம்மாவுக்குக் கேமரா இருக்குமிடம் தெரியவில்லை, பார்வை அலைகிறது. நான் கேமராவுக்கு நேர் பின்னால் நின்று "அம்மா" என்கிறேன். முகம் நேராகத் திரும்புகிறது. க்ளிக்.

கம்ப்யூட்டரில் சுருக்கங்களை அழிக்கத் தொடங்குகிறார் அவர். தொழில் பழக்கம். திருத்திய படத்தை ஏற்கமாட்டார்கள் என்று தடுக்கிறேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்கிறார். "இருக்கட்டும்டா. குழந்தைக்கு என்னை அடையாளம் தெரிய வேண்டாமா?"