ஐந்து எழுத்துப் பட்டம்

சி.ஐ.எஸ்.எஸ்.பி. எழுதலாமா, வேண்டாமா? மூன்று மாசமாக என் தூக்கத்தில் பாதியைத் தின்ற கேள்வி இது. மீதிப் பாதியை நைட் ஷிஃப்ட் தின்றுவிட்டது. (நடுராத்திரி ஃபயர்வால் கூச்சல் போட்டால் எட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே, அது அடியேன்!)

கம்ப்யூட்டர் பாதுகாப்புத் துறையில் இது பெரிய பட்டம். ஐ.எஸ்.சி.2 என்கிற அமெரிக்க அமைப்பு 1994-லிருந்து கொடுத்து வருகிறது. பரீட்சைக் கட்டணம் 749 டாலர். நம்ம காசுக்கு அறுபதாயிரத்துக்கு மேல். கோட்டை விட்டால் மறுபடி கட்டணம், மறுபடி பரீட்சை.

மூன்று மணி நேரம், 100 முதல் 150 கேள்விகள். நாம் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கம்ப்யூட்டரே பொறுக்கிப் போடும். தாண்டி வந்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. கடைசிப் பத்து நிமிஷத்தில் அடித்துத் திருத்தியே பிளஸ் டூ பாஸான பரம்பரைக்கு இது கொடுமை, சார்.

பாடம் எட்டுப் பிரிவு. சங்கேத எழுத்து, சட்டம், காம்பவுண்டு வேலியின் உயரம், எந்தத் தீக்கு எந்த அணைப்பான்... எல்லாம் உண்டு. ஆழம் முழங்கால்தான், அகலம் வீராணம் ஏரி! ஆபீஸில் தீப்பிடித்தால் முதலில் எதைக் காப்பாற்றுவீர்கள் என்று கேட்டால், சர்வரைப் பிள்ளை மாதிரி வளர்த்தவன் 'சர்வர்' என்பான். மனுஷன்தான் சரியான விடை. பூட்டை எப்படி மாட்டுவது என்பதைவிட, நூறு ரூபாய்ச் சாமானுக்கு ஆயிரம் ரூபாய்ப் பூட்டு எதற்கு என்று யோசிக்கிற ஆளைத்தான் தேடுகிறார்கள். மேனேஜர் புத்தி!

செக்‌ஷனில் ஒன்றரை வருஷ சர்வீஸ் உள்ள தம்பி, "அண்ணே, நானும் எழுதட்டுமா?" என்றான். எழுதலாம், பாஸும் பண்ணலாம். ஆனால் ஐந்து வருஷ அனுபவம் இல்லாமல் பட்டம் கைக்கு வராது. பொருத்தமான டிகிரி இருந்தால் ஒரு வருஷம் தள்ளுபடி. அதுவரைக்கும் வெறும் 'அசோசியேட்'. நிச்சயதார்த்தம் முடிந்து முகூர்த்தம் தள்ளிப்போன மாப்பிள்ளை! அவனுக்கோ உடைத்துப் பார்ப்பதில்தான் ருசி. ஓ.எஸ்.சி.பி. பக்கம் திருப்பிவிட்டேன். அங்கே கிட்டத்தட்ட ஒரு நாள் பூரா உட்கார்ந்து மெஷின்களுக்குள் நிஜமாகவே புகுந்து காட்ட வேண்டும்.

எனக்கு ஒன்பது வருஷ அனுபவம். ஆசைப்படுகிற பகல் வேலை விளம்பரங்களில் பாதிக்கு இந்த ஐந்து எழுத்தைக் கேட்கிறான்.

"சம்பளம் ஏறுமா?" என்றாள் மனைவி.

"சொல்ல முடியாது. வருஷா வருஷம் சந்தா வேற கட்டணும். மூணு வருஷத்துல 120 மணி நேரம் படிச்சதாக் கணக்கும் காட்டணும்."

"ராத்திரி வீட்ல இருப்பீங்களா?"

"பகல் வேலை கிடைச்சா இருப்பேன்."

"அப்ப எழுதுங்க."

கட்டணத்தை ஆபீஸ் தருமா என்று கேட்டேன். தாராளமாக! பாஸானதும் தருவார்களாம், இரண்டு வருஷம் இதே சீட்டை விட்டு நகர மாட்டேன் என்று பாண்டில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். எந்த சீட்டிலிருந்து தப்பிக்கப் படிக்கிறேனோ, அதே சீட்டு! 'யோசித்துச் சொல்கிறேன்' என்று வந்துவிட்டேன்.

சொந்தக் காசைத்தான் கட்டியிருக்கிறேன். இந்தத் தீபாவளிக்கு வருவதாக இருந்த வாஷிங் மெஷின் அடுத்த தீபாவளிக்குப் போய்விட்டது. பரீட்சை, தை பிறந்ததும்.